அட்டைக்கு முன்னால் நாலு வார்த்தை

ஊமைப் படத்தில் நடிக்க வாய் எதற்கு என்று கேட்பவர்கள் ஸ்டூடியோ பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள். அங்கே காதைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒரு மூலையில் தச்சர்கள் அடுத்த படத்துக்கு மாடிப்படி அடித்துக்கொண்டிருப்பார்கள். டைரக்டர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கத்துவார். நடிகைக்கு அழுகை வர வேண்டுமென்று ஒரு வயலின்காரர் ஓரமாக உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பார். நடிகர்கள் பாடு கேட்கவே வேண்டாம். காதலியின் கையைப் பிடித்துக்கொண்டு கதாநாயகன் உருகி உருகிச் சொல்வது, மத்தியானச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்பதாக இருக்கும். திரையில் அதற்கு வசனம் எழுதிய ஓர் அட்டையைப் போட்டுவிடுவார்கள்: 'ஆருயிரே, நீயின்றி எனக்கு வாழ்வேது?' ஜனங்களும் கைக்குட்டையை எடுப்பார்கள்.

அந்த இடத்தில் வாயைத் திறந்தால் உண்மையைத்தான் பேச வேண்டும் என்று தவித்தவள் ஒருத்திதான். அவளை எல்லோரும் சிலை என்று கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. நடிக்க வருவதற்கு முன், ஓவியப் பள்ளியில் மாணவர்கள் பார்த்து வரைய அசையாமல் நிற்பதுதான் அவள் பிழைப்பு. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமைக்க மாட்டாள். புருஷனிடம் தையல் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். காய்ச்சலில் காது போன மகளுக்கு வைத்தியம் பார்க்க அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். வைத்தியத்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தாயும் மகளும் அதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தாய் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பாள். மகள் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள், பதிலும் அதே மாதிரி சொல்வாள். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "உங்கத்தை மூக்குல மாவு ஒட்டியிருக்கு, சிரிக்காத சிட்டு" என்பாள் தாய். சிட்டு சிரித்து, சோறு புரையேறி, அடி வாங்குவாள்.

சிட்டு என்பது மகளுக்கு அவள் வைத்த செல்லப் பெயர்.

பிறகு ஒருநாள் ஓவியப் பள்ளிக் கண்காட்சியில் சிலையின் முகத்தைச் சுவரில் பார்த்துவிட்டு, புருஷனின் ஆபீஸ் நண்பர் ஒருவர் நல்லவர் மாதிரி வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அவளை வீட்டை விட்டுத் துரத்தினார்கள். புருஷன் வாயே திறக்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் அவன் அக்கா, அதாவது நாத்தனார், பேசிவிட்டாள். "பத்துப் பேர் முறைச்சுப் பாக்க நின்னவளுக்குப் பிள்ளை ஒரு கேடா?" என்றாள். பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்த சிட்டு திரும்பி வந்தபோது தாய் இல்லை. செத்துப்போய்விட்டாள் என்று பிள்ளைக்குச் சைகையில் காட்டிவிட்டார்கள். கண்ணை மூடி, கழுத்தைச் சாய்த்துக் காட்டினால் முடிந்தது காரியம். இதை அந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண் ரகசியமாக வந்து சொன்னாள். உயிரோடு இருக்கும்போதே தன்னைப் புதைத்துவிட்டார்களே என்று சிலை தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சும்மா இருந்தவள் இல்லை. கடிதம் போட்டாள், எல்லாம் அடுப்புக்குப் போயிற்று. ஒருநாள் சினிமாக் கொட்டகை வாசலில் காத்திருந்து, பிள்ளையின் கையைப் பிடிக்கப் போனாள். நாத்தனாருக்குச் சினிமாப் பைத்தியம். சனிக்கிழமை மத்தியான ஆட்டம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். துணைக்குச் சிட்டுவைத்தான் இழுத்துக்கொண்டு போவாள். ஊமைப் படத்துக்குக் காது கேளாத பிள்ளையைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும்? அங்கே என்ன, இங்கே என்ன என்று தொணதொணக்காது. அன்று நாத்தனார் பிள்ளையின் முகத்தைத் தன் சால்வைக்குள் பொத்தி அமுக்கிக்கொண்டு, "பிள்ளை பிடிக்கிறவ! பிள்ளை பிடிக்கிறவ!" என்று அலறினாள். கூட்டம் சிலையை நாலு சாத்து சாத்தியது. போலீஸ்காரர் இன்னொரு முறை இந்தப் பக்கம் பார்த்தால் உள்ளே தள்ளிவிடுவேன் என்றார். சிட்டுவுக்கு அந்தச் சால்வையின் இருட்டைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு தலையை மூடிக்கொண்டு கடைசி ஆளாகக் கொட்டகைக்குள் நுழைந்து, அவர்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து மகளின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு வருவாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் இருட்டில் தொட்டால் பிள்ளை பயந்து கத்தும். வாயசைத்தால் தெரியாது. அந்த இருட்டில் வெளிச்சம் விழுகிற முகம் ஒன்றே ஒன்றுதான். அது திரையில் இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒருநாள் அந்த எண்ணம் வந்தது. வந்த பிறகு அவளைத் தூங்கவிடவில்லை.

ஸ்டூடியோவில் ஓவியனும் அவன் மாடலும் பற்றி ஒரு படம் எடுக்கப் போகிறார்கள், அசையாமல் நிற்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். ஏழை ஓவியன், அவனுக்காகக் குளிரில் நின்று நின்று நோய் வந்து சாகிற பெண், அவள் செத்த அன்று படத்துக்குப் பெரிய பரிசு. நின்றதற்காக வீட்டை இழந்தவளுக்கு, நின்றதற்காக உயிரை விடும் வேஷம். டைரக்டருக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஓவியனாக நடித்தவரின் ஒட்டு மீசை வியர்வையில் அடிக்கடி கழன்று விழும், அதனால் அவருக்கு மீசை என்றே பெயர். போஸ்டரிலும் அவர் மீசைதான் பெரிதாக இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று சிலை நினைத்துக்கொண்டாள். நாத்தனார் கண்ணில் தன் முகம் முன்கூட்டியே படக் கூடாது.

படம் பாதி வளர்ந்தபோது அந்தச் செய்தி வந்தது. பாத்திரம் கழுவுகிற பெண்தான் வந்து சொன்னாள். "உங்க வீட்டுக்காரருக்குக் கடல் தாண்டி வேலை கெடச்சிருச்சாம்மா. சாமானெல்லாம் கட்டுறாங்க. பிள்ளையும் கூடத்தான் போகுது."

"எப்போ?"

"அடுத்த மாசம் ரெண்டாவது வாரமாம். அந்தச் சனிக்கிழமை கடைசியா ஒரு சினிமா பாத்துட்டு, மறுநாள் கப்பலாம்."

அந்த வாரம்தான் அதே கொட்டகையில் அவள் படம் வெளியாவதாக இருந்தது. கப்பல் ஏறிவிட்டால் மகளை இனி எந்த வாசலில் தேடுவது? படத்தில் அவளுக்கு முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டும் ஷாட் ஒன்றே ஒன்று இருந்தது. சாகும்போது பேசும் ஷாட். அதில் மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். வேறு வழி கிடையாது.

அவள் யோசித்து வைத்த மாதிரி எந்தக் கதாசிரியனும் யோசித்திருக்க மாட்டான். உதட்டுக்குச் சிவப்புப் பூசினால் ஃபிலிமில் கறுப்பாக விழும், வாய் ஒரு குழி மாதிரி ஆகிவிடும் என்று தெரிந்து, மேக்கப்காரர் திரும்பியதும் துடைத்துவிட்டாள். கொட்டகையில் படம் ஓட்டுகிறவன் சீக்கிரம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வேகமாகச் சுற்றுவான், திரையில் எல்லோரும் கோழி மாதிரி ஓடுவார்கள். ஆகவே ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் உதடு படிக்க முடியாது. கேமராவுக்கு நேரே பார்க்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். "மீசையைப் பாத்து சாகும்மா!" என்று குழாயில் கத்தினார் டைரக்டர். "அவருக்காகத்தானே சாகுற? கேமராவுக்காகவா சாகுற?"

முதல் தடவை சிலை கேமராவைப் பார்த்தாள். கட் என்றார். இரண்டாம் தடவையும் பார்த்தாள். ஃபிலிம் வீணாகிறது என்று டைரக்டர் குழாயைத் தூக்கிப் போட்டார். மூன்றாம் தடவை அவள் கட்டிலை விட்டு இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழுந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை நான் சொல்ற மாதிரி எடுங்க. அப்புறம் என்னை வேலைய விட்டு நிறுத்திடுங்க."

தச்சர்கள்கூட சுத்தியலை நிறுத்திவிட்டார்கள். கேமராக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், மீசையைக் கேமராவுக்குப் பக்கத்துல நிக்க வெச்சிடலாம். அவரைப் பாத்தா நம்மளப் பாத்த மாதிரியே இருக்கும்" என்றார். டைரக்டர் அது தன் யோசனைதான் என்பது போலத் தலையாட்டினார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் விட்டுக்கொடுப்பார்கள்.

கேமரா சுற்றியது. வயலின் அழுதது. சாகக் கிடந்த சிலை, மீசையின் காதுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடி வட்டத்தைப் பார்த்து, சத்தமில்லாமல், நிதானமாகச் சொன்னாள்:

"சிட்டு. அம்மா சாகலைடா. உன்னை நான் விட்டுட்டுப் போகலை. கொட்டகைப் பக்கக் கதவுகிட்ட நிக்கிறேன். ஓடி வா."

"சாகிறவ இவ்வளவு நேரமா பேசுவா?" என்று முணுமுணுத்தார் டைரக்டர். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீசை நிஜமாகவே அழுது, அவர் மீசை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. அன்று சிலை அறைக்குப் போய் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

படம் வெளியாகும் வாரம் வெட்டி ஒட்டுகிற அறைப் பக்கம் போனாள். அங்கே ஃபிலிம் வெட்டும் பெண்மணியைக் கத்தரி அக்கா என்பார்கள். மேசை விளக்குக்கு எதிரே ஃபிலிமைப் பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பார். சிரித்தே யாரும் பார்த்ததில்லை. சிலை சும்மா தன் ஷாட்டைப் பார்க்கிறேன் என்று கேட்டாள். கத்தரி அக்கா சின்ன ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். வாய் திறக்கும் நாலு விரல் நீளம். பிறகு அட்டை. பிறகு வாய் மூடும் நாலு விரல் நீளம்.

"மீதி எங்கேக்கா?"

"மீதி எதுக்கு? வாயத் தெறந்தா அட்டை, மூடுறப்போ மறுபடி மூஞ்சி. எல்லாப் படத்துலயும் அப்படித்தான். நீ பேசினதத்தான் அட்டைல எழுதியாச்சே."

அட்டையில் எழுதியிருந்தது: 'அன்பரே, உமது ஓவியத்தில் நான் என்றும் வாழ்வேன்.'

இத்தனை கணக்குப் போட்டவள் இந்த அட்டையை மறந்துவிட்டாள். வாரா வாரம் கொட்டகைக்குப் போனவள்தான். ஆனால் திரையை எங்கே பார்த்தாள்? மகளின் தலையைத்தானே பார்த்தாள். தரையில் கிடந்த கூடையில் வெட்டிப் போட்ட ஃபிலிம் சுருள் சுருளாகக் கிடந்தது. சிலை மண்டி போட்டுக் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக விளக்கில் காட்டித் தேடினாள். குதிரை வந்தது, மாடிப்படி வந்தது, மீசை வந்தது. அவள் வாய் வரவில்லை. ஃபிலிம் ஓரம் கிழித்து விரலில் ரத்தம் வந்தது. கடைசியில் அவளால் முடியவில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு குரல் விட்டு அழுதாள்.

கத்தரி அக்கா வேலையை நிறுத்தவில்லை. "வெட்டுனத அன்னிக்கே கூடையில போட மாட்டேன்" என்றார். இழுப்பறையைத் திறந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் வைத்தார். "இத நாலு தடவ பாத்துட்டேன். நீ பேசுறது அட்டைல இருக்கிறது இல்லன்னு எனக்கும் தெரியும். யாருக்குப் பேசுற?"

சிலை சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கத்தரி அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்திருந்தார்.

"முழுசா ஒட்ட முடியாதும்மா. முதலாளி பாத்து நீளம் முடிவு பண்ணிட்டாரு. அட்டையத் தள்ளி வெக்கிறேன். பாதி வரைக்கும் வரும். அதுக்கு மேல வெச்சா என் வேல போயிடும்."

"எந்தப் பாதிக்கா?"

"முன் பாதி. விட்டுட்டுப் போகலைங்கிற வரைக்கும்."

அப்படியானால் சிட்டுவுக்கு அம்மா சாகவில்லை என்பது தெரியும். எங்கே வர வேண்டும் என்பது தெரியாது. பிள்ளையைக் கப்பலில் ஏற்றி, அம்மா எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்ற வேதனையையும் கூடவே ஏற்றி அனுப்புவதா? அதைவிடப் பிள்ளை ஒன்றும் தெரியாமலே இருந்துவிடலாமே. அக்கா சுருளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒட்டுங்கக்கா" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. விளக்கு அணைந்த பிறகு சிலை கொட்டகைக்குள் நுழைந்தாள். வழக்கமான வரிசையில் நாத்தனாரின் கொண்டை தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் சிட்டுவின் தலை. பின்னலுக்குப் புது ரிப்பன் கட்டியிருந்தார்கள். கப்பலுக்காக வாங்கியதாக இருக்கும். சிலைக்கு அந்த ரிப்பனைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

படம் ஓடியது. மாவு பூசிய முகமும் சுருட்டை முடி டோப்பாவுமாக வந்தவளை நாத்தனாருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாதது மட்டுமா, மாடல் குளிரில் நடுங்கியதும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். "ஐயோ பாவம், யார் பெத்த பொண்ணோ" என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லி அழுதாள். இந்த மகராசியின் இரக்கமெல்லாம் திரைக்கு மட்டும்தான் போலிருக்கிறது என்று சிலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிட்டு நாற்காலியில் சாய்ந்து, ரிப்பன் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த ஷாட் வந்தது. சுவர் முழுக்க ஒரே முகம். சிலை திரையைப் பார்க்கவில்லை. பெரிய உதடுகள் அசைந்தபோது சிட்டுவின் தலை நிமிர்ந்தது. ரிப்பன் வாயிலிருந்து நழுவியது. மெல்ல எழுந்து, முன் நாற்காலியின் முதுகை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அட்டை வந்தது. பியானோக்காரர் உருக்கமாக எதையோ வாசித்தார். மறுபடி முகம் வந்தது, வாய் மூடியிருந்தது. மாடல் சாகக் கிடந்தாள், ஓவியன் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சிட்டு திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் கன்னம் மட்டும் அசைவது தெரிந்தது. நிறுத்தாமல் பேசினாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் கேட்கிறாள், திட்டுகிறாள், கெஞ்சுகிறாள். ஒரு வார்த்தைகூடத் தாய்க்குத் தெரியவில்லை. மகள் பதில் சொல்கிறாள், தாய் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டா?

சிலையால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு வரிசையைச் சுற்றி ஓடி, மகளுக்கு நேர் எதிரே போய்க் குனிந்தாள். முக்காட்டை விலக்கினாள். திரை வெளிச்சம் சிட்டுவின் நனைந்த முகத்தில் பளீரென்று விழுந்திருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த முகம் ஒரு முழம் தூரத்தில். சிலை வாயசைத்தாள். வெளிச்சம் அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்ததால் அவள் முகம் வெறும் இருட்டு.

சிட்டு கோபத்தோடு அவளைப் பார்த்தாள். உதடுகள் தெளிவாக அசைந்தன.

"தள்ளுங்க. எங்கம்மா பேசிட்டிருக்காங்க."

சிலை அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை கழுத்தை எக்கி இவளைத் தாண்டித் திரையைப் பார்த்தது. நாத்தனார் கைக்குட்டைக்குள்ளிருந்து, "யாரது மறைக்கிறது?" என்றாள். திரையில் இருந்தவள் இனிப் பேசப் போவதில்லை; கண் மூடப் போகிறாள். பிள்ளைக்கு யாரோ காட்டிய அந்தச் சைகையையே, கழுத்தைச் சாய்த்து, சுவர் அகலத்துக்குக் காட்டப் போகிறாள்.

சிலை விலகினாள். திரும்பிப் பக்கச் சுவரை நோக்கி ஓடினாள். அங்கே கறுப்புத் துணிக்குப் பின்னால் ஆபத்துக்கான இரட்டைக் கதவு இருந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள், வரவில்லை. செருப்பைக் கழற்றி அடித்தாள். தாழ் விழுந்தது. இரண்டு கதவையும் முழுக்கத் திறந்து, கறுப்புத் துணியை வளையத்தோடு பிடுங்கி எறிந்தாள்.

உச்சி வெயில் உள்ளே பாய்ந்தது. சுவரில் இருந்த பெரிய முகம் அந்த வெளிச்சத்தில் வெளுத்து, கண் போய், வாய் போய், வெறும் துணியாகிவிட்டது. கொட்டகையே எழுந்து கத்தியது. "கதவைச் சாத்து!" "எவடி அவ?" "காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்!" பியானோ நின்றது. கொட்டகைச் சிப்பந்தி விசிலோடு ஓடி வந்தான். நாத்தனார் கதவுப் பக்கம் பார்த்தாள், கைக்குட்டை கீழே விழுந்தது. "பிள்ளை பிடிக்கிறவ!" என்று அலறிக்கொண்டு சிட்டுவின் தோளை எட்டிப் பிடித்தாள்.

சிலை கதவு நிலையில் அசையாமல் நின்றாள். வெயில் அவள் முகத்தில் முழுக்க விழுந்தது. சிப்பந்தி கையைப் பிடித்து இழுத்தான், அவள் நகரவில்லை. நிற்பதுதானே அவள் வேலை. வெட்டிப் போட்ட பாதியை, ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமில்லாமல் சொன்னாள்.

"பக்கக் கதவுகிட்ட நிக்கிறேன். ஓடி வா."

சிட்டு வெளுத்துப்போன திரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கொட்டகை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. அத்தை காதருகே அலறிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுமே காதில் விழாத ஒரே ஆள், அத்தையின் கையைக் கடித்து உதறிவிட்டு, நாற்காலிகளின் மேலேறி ஓடி வந்தாள்.